மதகும் பூட்டும்: காட்டுமன்னார்கோவில், அனுராதபுரம் – ஓர் ஒப்பாய்வு

சிதம்பரத்தை அடுத்த எங்கள் கீரப்பாளையம் பக்கம் ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. தலைவலிக்கு வாங்குவதும் மருந்து, நெல்லில் குருத்துப்பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. இதில் யாரும் குழம்புவதில்லை. "மருந்து அடிச்சாச்சா?" என்றால் பேச்சு வயலைப் பற்றியது. "மருந்து சாப்பிட்டாச்சா?" என்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. "மருந்து குடிச்சிட்டா" என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் மட்டும் எந்த மருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒருவர் 108-க்குப் போன் போடுவார், இன்னொருவர் வண்டியைத் திருப்புவார். சிதம்பரம் அரசு மருத்துவமனையா, அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா என்பது ஓடுகிற ஓட்டத்தில் முடிவாகும்.

அந்த மருந்துப் புட்டி வீட்டுக்குள் எங்கே இருந்தது என்ற கேள்வியும் பெரும்பாலும் எழுவதில்லை. ஊருக்கே தெரிந்த இடம்தான் அது. கூரை வீடானால் எரவாணம், ஓட்டு வீடானால் பரண், மெத்தை வீடானால் மாடிப்படிக்குக் கீழே. நிலத்தில் மோட்டார் கொட்டகை இருந்தால் அங்கே. அடித்தது போக மிச்சம் இருப்பதை யாரும் கொட்டுவதில்லை. காசு கொடுத்து, பல நேரம் கடனுக்கு வாங்கியது. அடுத்த தெளிப்புக்கு ஆகும் என்று மூடி திருகி வைக்கிறார்கள்.

வைக்கிற இடத்தை மாற்றினால் உயிர் பிழைக்குமா என்று இரண்டு இடங்களில் முயன்று பார்த்தார்கள். ஒன்று, நமக்குப் பக்கத்துத் தாலுகாவான காட்டுமன்னார்கோவில். மற்றொன்று, கடல் தாண்டி இலங்கையின் அனுராதபுரம். இரு இடத்திலும் யோசனை ஒன்றே: மருந்துக்குப் பூட்டுப் போடுவது. விளைவு ஒன்றாக இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் ஊரின் பழக்கத்துக்கும் உயிர்காப்புக்கும் உள்ள உறவு கொஞ்சம் துலங்குகிறது.

இரண்டு ஏரி நாடுகள்

ஒப்பிடத் தகுந்த ஊர்கள்தாமா இவை என்று முதலில் பார்த்துவிடலாம்.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டிக் கிடப்பது வீராணம். வீரநாராயணன் என்ற பட்டம் கொண்ட முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் எழுந்த ஏரி. கொள்ளிடத்துக் கீழணையில் பிரியும் தண்ணீர் வடவாறு வழியாக வந்து அதை நிரப்புகிறது. ஏரியின் மதகுகளும் கீழணையின் வாய்க்கால்களும்தான் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், சிதம்பரம் வட்டாரத்துக்குச் சோறு போடுகின்றன. சம்பா அறுத்தால் அதே ஈரத்தில் உளுந்து. காட்டுமன்னார்கோவில் பக்கத்துச் சில ஊர்களில் நெல்லோடு பூச்சாகுபடியும் உண்டு. பூ தினமும் சந்தைக்குப் போகிற சரக்கு, அதனால் அங்கே மருந்தடிப்புக்கு ஓய்வு காலம் என்று ஒன்று இல்லை. வருஷம் முழுக்க வீட்டில் புட்டி இருக்கும்.

அனுராதபுரமும் ஏரிகளால் ஆன மாவட்டம்தான். திசா வாவியும் நுவர வாவியும் வீராணத்துக்கும் பல நூற்றாண்டு மூத்தவை. சுற்றுக் கிராமங்களில் ஊருக்கு ஒரு சிறு குளமாவது இருக்கும். பெரும்போகம், சிறுபோகம் என்று மழையைப் பார்த்து நடக்கும் நெல் வேளாண்மை. சிறு விவசாயிகள், கையில் தெளிப்பான், வீட்டில் மிச்ச மருந்து என்று எல்லாம் இங்கே போலவே.

இன்னொரு பழக்கமும் பொது. இந்த இரண்டு நாட்டிலும் மதகை ஒருவன் தன் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. தண்ணீர் உயிர் கொடுக்கிறது. முறை தப்பித் திறந்தால் கீழ்மடைக்காரன் வயல் காய்கிறது, மேல்மடைக்காரன் வரப்பு உடைகிறது. அதனால் மதகைத் திறக்க ஊர் ஓர் ஆளை வைத்தது. முறைத் தண்ணீர் என்ற ஏற்பாடு அப்படி வந்ததுதான். சிங்களக் கிராமத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் வெல் விதானை. 1958-ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை நீக்கி, அதன் பொறுப்பை விவசாயிகள் குழுக்களிடம் கொடுத்தது. பதவியின் பெயர் மாறினாலும், திறக்கிற அதிகாரம் தனியாள் கைக்கு வரவில்லை.

இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு முயற்சிகளையும் பார்ப்போம்.

காட்டுமன்னார்கோவில்: ஊருக்கு ஓர் அறை

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு ஸ்நேகா. வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டால் காது கொடுத்துக் கேட்கும் தன்னார்வலர்களைக் கொண்டது. நகரத்தில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்த அமைப்பு, கிராமத்துக்கு வந்தபோது வேறு கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. கூப்பிட நினைப்பதற்கு முன்பே புட்டி கைக்கு எட்டிவிடுகிற இடத்தில் தொலைபேசி என்ன செய்யும்?

அந்தக் குழு காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டது. இரண்டில் பொது மருந்து வைப்பறை கட்டினார்கள். மற்ற இரண்டில் எதையும் மாற்றாமல் கணக்கை மட்டும் எடுத்தார்கள். அறையைக் கட்டுவதில் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே வங்கி லாக்கர் போல வரிசையாகப் பெட்டிகள், குடும்பத்துக்கு ஒரு பெட்டி. மருந்து வாங்கினால் நேரே அங்கே வைக்க வேண்டும். தெளிக்கிற அன்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.

தொடங்கும் முன் நான்கு ஊரிலும் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அறை இருந்த ஊர்களில் மருந்து குடித்த சம்பவங்கள், இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் சேர்த்து, மற்ற இரண்டு ஊர்களோடு ஒப்பிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. வேறு வழிகளைச் சேர்த்துப் பார்த்தாலும் குறைவு தெரிந்தது. மருந்து கிடைக்காதவர்கள் வேறொன்றைத் தேடிப் போய்விடுவார்கள் என்று சொல்லப்படுவது அங்கே பலிக்கவில்லை. இந்த முடிவுகள் 2013-இல் வெளியாயின.

இந்த அறையை ஊர் ஏன் ஏற்றுக்கொண்டது? நான் நினைக்கிற காரணம் எளிது. மதிப்புள்ள பொருளை வீட்டில் வைக்காமல் வெளியே பத்திரப்படுத்துவது இந்தப் பக்கத்து விவசாயிக்குப் புதிதில்லை. நகை கூட்டுறவு சங்கத்தில் இருக்கும், நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும், விதை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். லாக்கர் என்ற சொல்லுக்கே ஒரு மரியாதை உண்டு. 'உன் மருந்து ஆபத்தானது, அதனால் பிடுங்கிக்கொள்கிறோம்' என்று சொன்னால் ரோஷம் வரும். 'உன் மருந்து விலை கூடியது, பத்திரமாக வை' என்று சொன்னால் தலை ஆடும். நோக்கம் உயிர்காப்பு, ஊருக்குப் புரிந்தது பத்திரம். இரண்டுக்கும் முரண் வரவில்லை.

அனுராதபுரம்: வீட்டுக்கு ஒரு பெட்டி

இலங்கையில் இந்த யோசனை முன்னதாகவே முளைத்தது. தென்பகுதியில் இருநூறு விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுள்ள பெட்டி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. பெட்டியை மக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. முன்பு வயலிலேயே மருந்தை வைத்திருந்தவர்கள் பலர், பெட்டி வந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பூட்டு வந்தது, தூரம் போனது.

அடுத்து வந்தது அனுராதபுரத்துப் பெரிய ஆய்வு. அளவில் இதற்கு ஈடான ஒன்று அதுவரை நடந்ததில்லை. 180 கிராமங்கள், இரண்டே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். குலுக்கல் முறையில் 90 கிராமங்களைத் தேர்ந்து, விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டக்கூடிய கலம் கொடுத்தார்கள். மற்ற 90-இல் கொடுக்கவில்லை. 2010 கடைசியில் தொடங்கி ஊர் ஊராகக் கொடுத்து, மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மருத்துவமனை மருத்துவமனையாகக் கணக்கு எடுத்தார்கள்.

2017-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கலம் கொடுத்த ஊர்களில் மருந்து குடித்தவர்கள் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 293. கொடுக்காத ஊர்களில் சுமார் 318. இந்த இடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடியது. கலத்தால் பயன் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். நாளாக ஆகப் பூட்டும் வழக்கமும் தளர்ந்திருந்தது.

இவ்வளவு செலவும் உழைப்பும் போட்டு, எதிர்பார்த்தது வரவில்லை என்று ஒளிக்காமல் சொன்னதே ஒரு பெரிய காரியம். பல நாடுகளில் இதே பெட்டியைக் கொடுக்கக் கிளம்பியிருந்தவர்களை அந்த ஒரு கட்டுரை நிறுத்தி யோசிக்க வைத்தது.

பூட்டு ஒன்று, சாவி வேறு

இரண்டையும் அப்படியே தராசில் வைத்து எடை போட்டுவிட முடியாது. காட்டுமன்னார்கோவிலில் நான்கே கிராமம், குலுக்கல் இல்லை, காலமும் பதினெட்டு மாதம்தான். சின்ன ஊர்க் கணக்கில் இரண்டு மூன்று குடும்பத்துத் துயரம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் எகிறும், இறங்கும். அனுராதபுரத்து ஆய்வின் அளவும் முறையும் அதைவிடப் பல மடங்கு உறுதியானவை. ஆகவே காட்டுமன்னார்கோவில் ஜெயித்தது, அனுராதபுரம் தோற்றது என்று பட்டம் கட்ட இங்கே இடமில்லை. ஆனால் இரண்டு பூட்டும் எங்கே தொங்கின என்பதை ஒப்பிட எந்தத் தடையும் இல்லை.

முதலாவது தூரம். வடமத்திய இலங்கையில் மருந்து குடித்துப் பிழைத்தவர்களிடம் மருத்துவர்கள் பேசிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. கையில் கிடைத்ததை எடுத்தவர்களே அதிகம். அந்த அரை மணி கடந்துவிட்டால் பலருக்கு மனம் திரும்பிவிடுகிறது. வீட்டுப் பெட்டிக்கும் கைக்கும் நடுவே பத்தடி. பொது அறைக்கு ஒரு தெரு, இரண்டு தெரு நடக்க வேண்டும். நடக்கிற வழியில் திண்ணை இருக்கிறது. "எங்க போற, இந்நேரத்துல?" என்று கேட்க ஆள் இருக்கிறது. இந்தக் கேள்வி நம் ஊரில் விசாரிப்பு, வம்பு, அக்கறை எல்லாம் கலந்த ஒன்று. நகரத்துக்காரர்கள் எரிச்சல்படுகிற அந்தக் கேள்விதான் இங்கே பாதி வேலையைச் செய்கிறது.

இரண்டாவது சாவி. வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டில்தான் இருக்கும்: ஆணியில், அரிசிப் பானைக்குப் பின்னால், சட்டைப்பையில். யாருக்குக் கோபமோ அவர் கையிலேயே அது இருக்கலாம். இல்லாவிட்டாலும் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பொது அறையில் பெட்டி உன்னுடையது, கதவு ஊருடையது. கதவைத் திறக்க வேறொரு முகத்தைப் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்து, தெளிக்கிற நேரமில்லாத நேரத்தில், கையில் தெளிப்பான் இல்லாமல் வந்து நிற்பவரை அந்த முகம் கவனிக்கும்.

மூன்றாவது, பூட்டு என்ன சொல்கிறது என்பது. வீட்டுக்குள் ஒரு பூட்டுத் தொங்கினால் அது அந்த வீட்டைப் பற்றி ஏதோ சொல்கிறது. பிள்ளைகள் மேல் நம்பிக்கை இல்லையா, மருமகள் மேல் சந்தேகமா என்று பேச்சு வரும். பூட்டாமல் விடுவதற்கு அந்தக் கூச்சமே போதும். ஊர் அறையில் எல்லோர் மருந்தும் இருக்கிறது. அதனால் யாரையும் அது சுட்டவில்லை. அவமானம் இல்லாத பாதுகாப்பு என்பது இந்த மண்ணில் அரிதான பொருள்.

இந்த மூன்றையும் சேர்த்தால் என் எண்ணம் இதுதான்: அனுராதபுரத்துப் பெட்டி மருந்தை வீட்டுப் பாத்திரமாக நடத்தியது; காட்டுமன்னார்கோவில் அறை அதை மதகாக நடத்தியது. வேடிக்கை என்னவென்றால், மதகை ஊர் கையில் வைக்கும் பழக்கம் இரண்டு நாட்டுக்கும் பொது. அனுராதபுரத்து முயற்சி தன் மண்ணின் குளக்கட்டிலிருந்து பாடம் எடுக்காமல், தனி வீடு, தனிச் சாவி என்ற கணக்கில் இறங்கியது.

ரோஷத்தின் நிமிஷம்

'மனநோய் இருப்பவர் எப்படியும் செய்வார், பூட்டு என்ன செய்யும்?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குள் ஒரு பிழை இருக்கிறது. மனச்சோர்வு, குடி, கடன், நோய், தீராத வலி எல்லாம் காரணங்கள்தாம். எந்த ஓர் உயிரிழப்புக்கும் ஒற்றைக் காரணம் சொல்வது சரியாகாது. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் மருந்துப் புட்டியைத் தொடுகிற பலரின் நிமிஷம் நீண்ட நோயின் நிமிஷமாக இருப்பதில்லை. சண்டையின், ரோஷத்தின், 'என்ன பார்த்து இப்படிக் கேட்டுட்டியே' என்ற நிமிஷம் அது.

இலங்கைச் சிங்களக் கிராமங்களில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் டாம் விட்ஜர் 2015-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். அங்கே பல சம்பவங்கள் குடும்ப உறவுக்குள் எழும் கோபத்தின், மனத்தாங்கலின் பேச்சாக இருக்கின்றன. மேல்கை உள்ளவரிடம் வாயால் சொல்ல முடியாததை உடம்பால் சொல்லும் முயற்சி என்பது அவர் பார்வை. கீரப்பாளையத்தில் இதற்கு நூல் தேவையில்லை. 'மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டா', 'சோறு திங்காம படுத்துட்டான்' என்பதெல்லாம் இதே மொழியின் சிறு வாக்கியங்கள். கோபத்தைச் சொல்லச் சோற்றை மறுப்பது நமக்குப் பழக்கம். சோற்றை மறுத்தவரை யாராவது வந்து எழுப்பிச் சாப்பிடவைப்பதும் பழக்கம். அந்தப் பேச்சுக்கு மறுமொழி உண்டு. மருந்துப் புட்டி மறுமொழிக்கு நேரம் தருவதில்லை. சொல்ல வந்தவருக்குச் சாகும் எண்ணமே இல்லாமல் இருந்திருக்கலாம். விஷத்துக்கு அது தெரியாது.

இதனால்தான் பூட்டும் காதும் சேர்ந்து போக வேண்டும். பூட்டு நேரத்தைக் கொடுக்கும். கிடைத்த நேரத்தில் ஒரு காது இருக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் அந்தக் காதுகள் உண்டு. இலங்கையில் 1974-இல் ஜோன் டி மெல் தொடங்கிய சுமித்ரயோ, தமிழ்நாட்டில் ஸ்நேகா. ஸ்நேகாவின் எண் 044-24640050. மாநில அரசின் 104, ஒன்றிய அரசின் டெலி-மானஸ் 14416 ஆகிய எண்களிலும் தமிழில் பேசலாம். இலங்கையில் கூப்பிட வேண்டிய எண் 1926. இவற்றில் எதைக் கூப்பிட்டாலும் 'நீ யார், எந்த ஊர், என்ன சாதி' என்ற விசாரணை கிடையாது.

சட்டமும் இந்த விஷயத்தில் காது கொடுக்கப் பழகிவிட்டது. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் பிரிவை இலங்கை 1998-இல் நீக்கியது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றானது. ஆனாலும் 'போலீஸ் கேசாயிடும்' என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சட்டம் மாறிய சேதி உரக்கடைச் சுவர் வரை வரவில்லை.

மூன்றாவது பூட்டு

பெட்டி உதவாத அதே இலங்கை, வேறொரு வழியில் உலகுக்கே முன்னோடி ஆனது. 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டில் கொடிய நச்சுத்தன்மை கொண்ட முதல் வகுப்பு மருந்துகளின் இறக்குமதியை அரசு நிறுத்தியது. 1998-இல் இன்னொன்று, 2008 முதல் 2011 வரை படிப்படியாக மேலும் மூன்று. பத்தே ஆண்டில் விகிதம் பாதியானது. இருபது ஆண்டில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. 1995-க்கும் 2015-க்கும் இடையே இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் விளைச்சல் விழவில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரோஷத்தின் நிமிஷங்கள் குறைந்ததால் மட்டும் வந்த இறக்கம் இல்லை இது. புட்டியைத் தொட்ட கைகள் தொட்டன. புட்டிக்குள் இருந்தது மாறியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குப் பூட்டுப் போட முடியாதபோது துறைமுகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அதுவும் ஒரு மதகுதான், ஆற்றின் தலைப்பிலேயே வைத்த பெரிய மதகு.

தமிழ்நாட்டு நிலவரம் இதைவிடச் சிக்கல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியா முழுக்க 1,70,924 தற்கொலைகள். அதில் தமிழ்நாடு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாட்டின் சராசரி லட்சத்துக்கு 12.4, நம்முடையது 25.9. 2023 தொடக்கத்தில் தமிழக அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்கு அறுபது நாள் தடை போட்டது. மாநில அரசு தானாக நிரந்தரத் தடை விதிக்க பூச்சிமருந்துச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மாநிலம் போடக்கூடியது தற்காலிகத் தடைதான், நிரந்தரத் தடையைத் தில்லி முடிவு செய்ய வேண்டும். அறுபது நாள் என்பது ஒரு சம்பா போகத்துக்குக்கூடக் காணாது. தலைமதகின் சாவி தில்லியில் இருக்கும்வரை, ஊர் மதகையாவது ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே தமிழ்நாடு வேறொரு மதகை நன்றாகவே திறந்து காட்டியிருக்கிறது. பொதுத்தேர்வில் தவறிய பிள்ளை ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டிய நிலையை மாற்றி, உடனே எழுதத் துணைத்தேர்வு கொண்டுவந்தார்கள். தேர்வு முடிவு நாட்களில் பிள்ளைகள் உயிரிழப்பது அதன்பின் குறைந்ததாக ஸ்நேகா தொடர்ந்து சொல்லிவருகிறது. 'ஒரு வருஷம் போச்சே' என்ற சொல்லை 'அடுத்த மாசம் பரீட்சை' என்று மாற்றியதுதான் அங்கே நடந்தது. அந்த மதகும் நேரத்தைத்தான் கொடுத்தது.

கீரப்பாளையத்துக்கு

நம் ஊர்களுக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது?

அறை நல்ல யோசனைதான், ஆனால் அறையைக் கட்டுவது சுலபம், ஆளை வைப்பது கஷ்டம். மழைநாளில் விடியற்காலை தெளிக்கப் போகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் முதல் மருந்து எரவாணத்துக்குப் போய்விடும். அறையைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம் நின்றால் அறையும் நிற்கும். ஆய்வுக் காசு தீர்ந்த பிறகும் அறை நிலைக்க வேண்டுமானால், ஏற்கெனவே ஆளும் சாவியும் கணக்கும் உள்ள இடத்தில் அது சேர வேண்டும். அப்படி ஊர் ஊராக இருப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கம். நகைக்கு லாக்கர் வைத்த இடம் மருந்துக்கும் வைக்கலாம். நகைக்கடன் ரசீதைப் பத்திரமாக வைக்கிற கை, மருந்துச் சாவியையும் வைக்கும்.

யாருக்கு அறை என்பதையும் பார்க்க வேண்டும். நிலம் உள்ளவருக்குத்தான் பெட்டி என்றால், கூலிக்குத் தெளிக்கப் போய் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறவரும், குத்தகைக்காரரும், நிலமில்லாத தெருவும் வெளியே நிற்பார்கள். ஒரே ஊரில் ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கிற நம் வட்டாரத்தில் அறை எந்தத் தெருவில் என்பது சின்னக் கேள்வி இல்லை. ஒரு தெருக்காரர் நுழையக் கூசுகிற இடத்தில் கட்டிய பொது அறை, பெயருக்குத்தான் பொது. அதோடு பெண்கள். வீட்டில் மருந்து எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் அவர்களே, சண்டைக்கு நடுவில் நிற்பவர்களும் பல நேரம் அவர்களே. அறையை யார் பார்த்துக்கொள்வது என்று ஊர் கூடும்போது மகளிர் குழுவை வாசலில் நிறுத்திவிட்டால், திண்ணையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது உரக்கடை. இலங்கையில் கடைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்து கேட்பவர், விவசாயி இல்லாதவர், எந்தப் பயிருக்கு என்று சொல்லத் தெரியாதவர் ஆகியோருக்கு விற்காமல், பேச்சுக் கொடுத்து அனுப்பும்படி. கீரப்பாளையத்து உரக்கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் நிலம், கடன், மகள் கல்யாணம் எல்லாம் தெரியும். "என்ன பயிருக்கு, எத்தன மா?" என்று அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி, கொஞ்சம் நிதானித்துக் கேட்டால் ஒரு காவல்.

மேலே சொன்னவற்றில் ஒன்றும் வெளியூரிலிருந்து இறக்க வேண்டிய சரக்கு இல்லை. மதகை ஊர் பார்த்துக்கொள்ளும் பழக்கம், லாக்கரின் மேல் நம்பிக்கை, திண்ணைக் கேள்வி, கடைக்காரரின் விசாரிப்பு, சோறு மறுத்துப் படுத்தவரை எழுப்பும் வழக்கம், எல்லாம் இங்கேயே இருக்கின்றன. அனுராதபுரத்துப் பெட்டி, இவை எதையும் தொடாமல் தனியே நின்றது. காட்டுமன்னார்கோவில் அறை, தெரிந்தோ தெரியாமலோ, இவற்றில் சிலவற்றின் மேல் நின்றது.

வீராணத்து மதகைத் திறக்கிறவர் யார் என்று கேட்டால் இந்தப் பக்கம் சின்னப் பிள்ளையும் சொல்லும். அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "எங்க முறை எப்ப?" என்று உரிமையோடு கேட்பார்கள். எரவாணத்தில் இருக்கிற புட்டிக்கு அப்படி ஒருவர் இல்லை. அந்த ஒருவரை வைத்துக்கொள்ள ஊர் முடிவு செய்யும் நாளில், இரவு எட்டு மணிக்கு யாராவது அவர் வாசலில் வந்து நின்றால், அவர் சாவியை எடுக்க மாட்டார். "உள்ள வா, மொதல்ல சாப்டியா?" என்று கேட்பார்.